நேற்று ராத்திரி நன்றாகத்தான் இருந்தது: ஹெட்ஃபோன் அப்டேட் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

"கீழே போடலை, தண்ணி படலை. ராத்திரி சார்ஜ்ல போட்டேன், காலையில எடுத்தா இப்படி இருக்கு." இயர்பட்ஸையோ ஹெட்ஃபோனையோ தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் ஏறக்குறைய இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பல நேரம் அவர்கள் சொல்வது உண்மை. நாம் தூங்கிக்கொண்டிருந்தபோது அது அப்டேட் ஆகியிருக்கும்.

ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் சின்னச் சிப்பை இயக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். புளூடூத் இணைப்பு, வெளி இரைச்சலைத் தடுப்பது, தொட்டால் பாட்டு நிற்பது, பேட்டரி எவ்வளவு என்று சொல்வது எல்லாம் அதன் பொறுப்பு. அது மாறினால் எது வேண்டுமானாலும் மாறலாம். அதே சமயம், எது மாறினாலும் அதன் தலையில் பழியைப் போடுவதும் சுலபம். காதுக் குறும்பி அடைத்த வலையைப் பார்க்காமல் அப்டேட்டைத் திட்டியவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

## எதற்கும் முன்னால்: பதிப்பு எண்

எந்த அறிகுறியாக இருந்தாலும், இப்போது உள்ளே என்ன பதிப்பு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏர்பாட்ஸ் என்றால் ஐபோனில் செட்டிங்ஸ், அதில் புளூடூத். ஏர்பாட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஐ' எழுத்தைத் தட்டிக் கீழே இறங்கினால் 'அபவுட்' பகுதியில் எண் இருக்கும். மற்றவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் ஆப்: சோனிக்கு சவுண்ட் கனெக்ட் (ஹெட்ஃபோன்ஸ் கனெக்ட் என்று முன்பு இருந்ததேதான்), சாம்சங்குக்கு கேலக்ஸி வேரபிள், ஜாப்ராவுக்கு சவுண்ட் பிளஸ், நத்திங்குக்கு நத்திங் எக்ஸ்.

இப்போதைய எண் தெரிந்தால் மட்டும் போதாது, முன்பு இருந்த எண்ணும் வேண்டும். அதை எந்த ஆப்பும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அதனால் என் இயர்பட்ஸ் பெட்டியின் அடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் பென்சிலால் எண்ணும் தேதியும். அப்டேட் ஆனால் பழையதை அடித்துவிட்டுக் கீழே புதியதை எழுதுவேன். பார்க்க அசிங்கம்தான், வீட்டில் கிண்டலும் உண்டு. ஆனால் போன மாதத்துக்கும் இன்றைக்கும் எண் ஒன்றே என்றால் குற்றவாளி ஃபர்ம்வேர் இல்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்போது சந்தேகப்பட வேண்டியது ஃபோனை. பெரிய ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் அப்டேட் ஒன்று அதே வாரத்தில் வந்திருந்தால், புளூடூத் குளறுபடி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

## "அறுபத்து நாலு சதவீதத்தில் அப்படியே நிற்கிறது"

முதலில், அது நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா? கோப்பை நெட்டிலிருந்து ஃபோனுக்கு இறக்குவது சில விநாடி வேலை. ஃபோனிலிருந்து ஹெட்ஃபோனுக்கு புளூடூத்தில் தள்ளுவதுதான் மாட்டு வண்டிப் பயணம். ஒரு 4 எம்பி கோப்பை விநாடிக்கு 5 கேபி வீதம் அனுப்பினால் 13 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இயர்பட்ஸ் என்றால் இரண்டு காதுக்கும் போய்ச் சேர வேண்டும். பல மாடல்களில் ஃபோனோடு பேசுகிற காதுதான் வாங்கி மற்றதற்குக் கொடுக்கும். பத்து நிமிடம் அசையாமல் இருப்பதைப் பார்த்துப் பதற்றப்பட வேண்டாம். அரை மணி நேரம் ஒரே எண்ணில் நின்றால்தான் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இறக்குவது, அனுப்புவது, நிறுவுவது என்று மூன்று கட்டம் உண்டு.

இறக்கும்போது நின்றால் பிரச்சினை நெட்டில். விபிஎன் அல்லது விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தால் அணைத்துவிட்டு, வைஃபைக்குப் பதில் மொபைல் டேட்டாவில் ஒருமுறை முயலுங்கள். அவ்வளவுதான்.

அனுப்பும்போது நிற்பதுதான் அதிகம் நடப்பது. இந்த வரிசையில் போங்கள்:

1. ஃபோனின் பேட்டரி சேமிப்பை அணையுங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி ஃபோன்கள் பின்னணியில் ஓடும் ஆப்புகளை நிறுத்துவதில் கெட்டிக்காரர்கள். திரை அணைந்ததும் ஹெட்ஃபோன் ஆப்பையும் தூங்க வைத்துவிடும். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், இல்லையென்றால் முடியும்வரை திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
2. ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் அதன் புளூடூத்தைக் கொஞ்ச நேரம் துண்டியுங்கள். வாட்சும் ஹெட்ஃபோனும் ஒரே நேரத்தில் ஃபோனோடு பேசினால் அப்டேட் தடைபடலாம் என்று சோனியின் உதவிப் பக்கங்களே எச்சரிக்கின்றன.
3. ஹெட்ஃபோன் லேப்டாப்போடும் சேர்ந்திருந்தால் லேப்டாப் புளூடூத்தை அணையுங்கள். நடுவில் அங்கிருந்து ஒரு 'டிங்' சத்தம் வந்தாலே போதும், பரிமாற்றம் தடுமாறும்.
4. ஃபோன், ஹெட்ஃபோன் இரண்டிலும் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும்.
5. மைக்ரோவேவ் ஓடும் சமையலறையை விட்டு வெளியே வாருங்கள். அதுவும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இருக்கின்றன.

எல்லாம் பார்த்த பிறகு ஆப்பை முழுக்க மூடி, ஹெட்ஃபோனை அணைத்துப் போட்டு, மறுபடி ஆரம்பியுங்கள். பாதியில் அறுந்தால் ஹெட்ஃபோன் போய்விடுமோ என்று பயப்படத் தேவையில்லை. உருப்படியான மாடல்கள் பலவற்றில் ஃபர்ம்வேருக்கு இரண்டு அறை உண்டு. இப்போது ஓடுவது ஓர் அறையில், புதியது காலி அறையில் இறங்கும். முழுதாக வந்ததா, நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து சரியா என்று பார்த்த பிறகுதான் சிப் இடம் மாறும். பாதியில் நின்றால் காலி அறையில் குப்பை கிடக்கும், அவ்வளவே. ஒருமுறை ரயிலில் உட்கார்ந்து அப்டேட் ஆரம்பித்தேன். எண்பத்தொன்றில் இருந்தபோது அம்மா ஃபோன் செய்தார். பேசி முடித்துப் பார்த்தால் மறுபடி பூஜ்யம். எரிச்சல் வந்தது, ஹெட்ஃபோனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிறுவும் கட்டத்தில் மட்டும் கையை வைக்காதீர்கள். விளக்கு மினுக்கும், தானாக அணைந்து எரியும், இணைப்பு போய் வரும். எல்லாம் வழக்கம்தான். இயர்பட்ஸைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னால் வையுங்கள், வெளியே இருக்கச் சொன்னால் வெளியே. இந்த விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் நேர் எதிராகச் சொல்வார்கள், அதனால் திரையில் இருப்பதை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

## "எல்லோருக்கும் வந்துவிட்டது, என் ஏர்பாட்ஸுக்கு மட்டும் வரவில்லை"

இதில் நமக்கு அழுத்த ஒரு பொத்தான்கூட இல்லை. ஏர்பாட்ஸ் சார்ஜில் இருக்க வேண்டும், பக்கத்தில் புளூடூத் எட்டும் தூரத்தில் ஐபோனோ ஐபேடோ மேக்கோ இருக்க வேண்டும், அது வைஃபையில் இருக்க வேண்டும். மூன்றும் கூடினால் அது தானாக நடக்கும். அமாவாசை பார்த்து நடப்பது மாதிரிதான்.

கூடி வரச் செய்வதற்கு ஆப்பிள் சொல்லும் வழி இது: முதலில் ஃபோனின் ஐஓஎஸ்ஸைப் புதுப்பித்துவிடுங்கள். ஏர்பாட்ஸைப் பெட்டியில் வைத்து மூடி, பெட்டிக்கு சார்ஜர் வயரைச் செருகுங்கள். மூடியைத் திறக்காமல் குறைந்தது 30 நிமிடம் விடுங்கள். பிறகு திறந்து, ஃபோனோடு இணைந்ததும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஏர்பாட்ஸ் மேக்ஸ் என்றால் சார்ஜ் ஏற்றும் பெட்டி கிடையாது, ஹெட்ஃபோனிலேயே வயரைச் செருக வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது வைஃபையில்தான். நம் ஊரில் வீட்டில் வைஃபை இல்லாமல் ஜியோ, ஏர்டெல் டேட்டாவிலேயே முழு வாழ்க்கையும் ஓட்டுகிறவர்கள் நிறைய. ஐபோன் டேட்டாவில் இருந்தால் இந்தக் கணக்கு கூடி வராது. இன்னொரு ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை ஐபோனில் வைஃபையாகச் சேர்த்துப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு ஃபோனோடு ஏர்பாட்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு, பாட்டு கேட்கும், பேச்சு கேட்கும், அப்டேட் மட்டும் ஒருக்காலும் வராது. மச்சானிடமோ தங்கையிடமோ ஐபோன் இருந்தால் ஒரு சாயங்காலம் அதோடு இணைத்து மேலே சொன்னபடி செய்யுங்கள். இல்லையென்றால் ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் செய்து தருவார்கள்.

## "ஆப்புக்கு ஹெட்ஃபோனே தெரியவில்லை"

பாட்டு கேட்கிறது, ஃபோனின் புளூடூத் பட்டியலில் 'கனெக்டெட்' என்று இருக்கிறது, ஆனால் ஆப்பைத் திறந்தால் 'சாதனம் இல்லை' என்கிறது. பத்தில் எட்டு முறை அனுமதிப் பிரச்சினை என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஆண்ட்ராய்டு 12 முதல், பக்கத்தில் இருக்கும் சாதனங்களைத் தேட 'நியர்பை டிவைசஸ்' என்று தனி அனுமதி வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பிட அனுமதி கொடுத்து, ஃபோனின் லொகேஷனையும் போட்டால்தான் ஆப்பால் தேட முடியும். நிறுவிய அன்றைக்கு "ஹெட்ஃபோனுக்கு எதுக்குடா நான் இருக்கிற இடம்?" என்று நியாயமாகக் கேட்டு மறுத்திருப்பீர்கள். கேள்வி நியாயமானது, விளைவு இதுதான். புதிய ஃபோன் என்றால் நியர்பை அனுமதியைக் கொடுத்துவிட்டு, லொகேஷனை மறுத்தே ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். பல ஆப்புகளில் ஓடும். பழைய ஃபோன் என்றால் அப்டேட் முடியும்வரை கொடுத்துவிட்டு அப்புறம் பறித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால், ஃபோனின் புளூடூத் பட்டியலில் ஹெட்ஃபோனை 'ஃபர்கெட்' செய்து, மறுபடி சேர்த்து, பிறகு ஆப்பைத் திறங்கள்.

## "சத்தம் மாறிவிட்டது, இரைச்சல் தடுப்பு குறைந்துவிட்டது"

இதுதான் சண்டையே. சில நேரம் புகார் சரி. 2019 டிசம்பரில் ஏர்பாட்ஸ் புரோவுக்கு ஆப்பிள் 2சி54 என்ற ஃபர்ம்வேரை அனுப்பிவிட்டு, சில நாளிலேயே விநியோகத்தை நிறுத்திக்கொண்டது. இறக்கியவர்கள் இறக்கியதுதான், அவர்களால் பின்னால் போக முடியவில்லை. சில நேரம் புகார் சரியில்லை. அதே 2019-இல் போஸ் குவயட்கம்ஃபர்ட் 35 இரண்டாம் மாடலில், 4.5.2 பதிப்புக்குப் பிறகு இரைச்சல் தடுப்பு பலவீனமாகிவிட்டது என்று ஏராளமானோர் சொன்னார்கள். போஸ் அதை விசாரித்து, அப்டேட்டால் தடுப்பு குறையவில்லை என்று பிறகு அறிவித்தது. ஏற்றுக்கொண்டவர்கள் கொஞ்சம்தான் என்பது வேறு கதை. நம் காது அளவுகோல் இல்லை, ஞாபகம் அதைவிட மோசம். நேற்று விமானத்தில் கேட்டதையும் இன்று மின்விசிறிக்குக் கீழே கேட்பதையும் ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

அதனால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். முதல் சந்தேகம், அமைப்புகள் அழிந்துபோயிருக்கலாம். அப்டேட்டுக்குப் பிறகு ஈக்வலைசர் (பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) சமநிலைக்குத் திரும்பியிருக்கும். அல்லது நடந்தால் ஒரு அளவு, உட்கார்ந்தால் ஒரு அளவு என்று இரைச்சல் தடுப்பைத் தானாக மாற்றும் வசதி, கேட்காமலே இயங்க ஆரம்பித்திருக்கும். 'குறைந்துவிட்டது' என்று வந்த புகார்களில் இதைத்தான் அடிக்கடி கண்டிருக்கிறேன். அதை அணைத்துவிட்டுத் தடுப்பை முழு அளவில் வைத்து ஒருமுறை கேளுங்கள்.

இரண்டாவது, கோடெக், அதாவது புளூடூத்தில் அனுப்ப ஒலியைச் சுருக்கும் முறை. எல்டாக் என்ற உயர்தர முறையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது எஸ்பிசி என்ற அடிப்படை முறையில் வரலாம். ஆண்ட்ராய்டில் புளூடூத் பட்டியலில் ஹெட்ஃபோனுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தட்டினால், உயர்தர ஒலிக்கான தேர்வு இயங்குகிறதா என்று தெரியும். இரண்டு சாதனத்தோடு ஒரே சமயத்தில் இணையும் வசதியும் இதில் விளையாடும். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 மாடலில் அந்த வசதியைப் போட்டால் எல்டாக் கிடைக்காது. அப்டேட்டோடு அதையும் ஆசையாகப் போட்டுவிட்டு, 'அப்டேட் சத்தத்தைக் கெடுத்துவிட்டது' என்பவர்கள் உண்டு.

மூன்றாவது, அழுக்கு. என் சித்தப்பா போன வருஷம் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"டேய், அப்டேட்டு அப்டேட்டுன்னு சொல்லி இடது காதைக் கெடுத்துட்டானுங்கடா."

"எப்போ சித்தப்பா அப்டேட் ஆச்சு?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். தானா ஆவுதுல்ல?"

பதிப்பு எண்ணைப் பார்த்தேன். வாங்கிய அன்று நான் இணைத்துக் கொடுத்தபோது என் ஃபோனில் எடுத்த படம் இருந்தது. அதே எண். ரப்பர் முனையைக் கழற்றி டார்ச் அடித்தால், உள்ளே இருக்கும் சின்ன உலோக வலை பழுப்பு நிறத்தில் வழவழவென்று மூடியிருந்தது. வலையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் பத்து நிமிடம் பொறுமையாகத் தட்டினேன். இடது காது திரும்பி வந்தது. வலையைக் குத்திப் பார்க்காதீர்கள், ஊசி கூடவே கூடாது. கிழிந்தால் வேலை முடிந்தது. இரைச்சலை அளக்கும் மைக்கும் அந்தப் பக்கமே உள்நோக்கி இருக்கும், அது அடைத்தால் தடுப்பும் குறையும். தலையில் மாட்டும் பெரிய ஹெட்ஃபோன் என்றால் காது மெத்தைகளைப் பாருங்கள். தோல் உரிந்து, வியர்வையில் தட்டையாகிப்போன மெத்தை வெளிச் சத்தத்தை உள்ளே விட்டுவிடும். கம்பெனி மெத்தைக்குப் பதிலாக மலிவாக வாங்கி மாட்டியதும் அப்படித்தான்.

இதெல்லாம் கழிந்த பிறகும் வித்தியாசம் தெரிந்தால், எண்ணும் மாறியிருந்தால், அப்போது அப்டேட்டைத் திட்டலாம். தாராளமாக.

## "ஒரு காதில் மட்டும் கேட்கிறது"

அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆனால், இரண்டு காதும் வேறு வேறு பதிப்பில் நிற்கலாம், அல்லது ஒன்றை ஒன்று மறந்திருக்கலாம். இரண்டையும் பெட்டியில் வைத்து மூடி, ஒரு மணி நேரம் சார்ஜில் விடுங்கள். பின்தங்கிய காது மற்றதை எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு உண்டு. முடியாவிட்டால் ஃபோனில் 'ஃபர்கெட்' செய்துவிட்டு ரீசெட். பின்னால் பொத்தான் இருக்கும் ஏர்பாட்ஸ் பெட்டியில், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கு ஆரஞ்சாகி வெள்ளையாகும்வரை அதைச் சுமார் 15 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்ற மாடல்களுக்கு வாங்கும்போது வந்த தாளைத் தேடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தங்க நிறத் தொடுபுள்ளிகளில் அழுக்கு இருந்தால் அந்தக் காது சார்ஜே ஆகியிருக்காது, அதையும் காய்ந்த பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

## "அப்டேட் முடிந்தது, இப்போது உயிரே இல்லை"

பயப்படுவதற்கு முன் வேறு வயர், வேறு சார்ஜரில் ஒரு மணி நேரம் போடுங்கள். நிறுவும்போது பேட்டரி காலியாகி அணைந்திருக்கலாம். அப்புறம் ரீசெட். வெறும் ரீசெட்டும், எல்லாவற்றையும் அழித்து வாங்கிய நிலைக்குத் திருப்புவதும் ஒன்றில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4-ஐ எடுத்துக்கொண்டால், சார்ஜ் வயர் செருகியிருக்கும்போது பவர் பொத்தானையும் கஸ்டம் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் அது வெறும் ரீசெட், இணைப்புப் பட்டியல் அப்படியே இருக்கும். முதலில் இதைச் செய்யுங்கள், எல்லாவற்றையும் அழிப்பது கடைசியில்.

போஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கம்ப்யூட்டரில் பிடியு டாட் போஸ் டாட் காம் (btu.bose.com) போய், யூஎஸ்பி வயரால் இணைத்து ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றலாம். பழைய மாடல்கள் பலவற்றுக்கு இது ஓடும். புளூடூத்தை நம்பாமல் வயரில் ஏற்ற முடிவது எவ்வளவு நிம்மதி என்பது, செத்த ஹெட்ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

இதற்கும் எழுந்திருக்கவில்லை என்றால் வீட்டில் செய்ய வேறொன்றும் இல்லை. சர்வீஸ் சென்டர்.

## "என்னைக் கேட்காமல் அப்டேட் ஆகக் கூடாது"

சோனியில் இதற்குத் தேர்வு இருக்கிறது. சவுண்ட் கனெக்ட் ஆப்பின் அமைப்புகளில், மென்பொருளைத் தானாக இறக்குவதற்கான பொத்தானை அணைத்துவிடுங்கள். கூகுள் பிக்சல் பட்ஸில் 'மோர் செட்டிங்ஸ்', அதில் 'ஃபர்ம்வேர் அப்டேட்', அங்கே தானியங்கி அப்டேட்டை அணைக்கலாம். சாம்சங் பட்ஸுக்கு கேலக்ஸி வேரபிளில் இயர்பட்ஸ் செட்டிங்ஸுக்குள் சாஃப்ட்வேர் அப்டேட் பக்கம் இருக்கிறது, என்ன தேர்வுகள் இருக்கின்றன என்று அங்கே போய்ப் பாருங்கள்.

ஏர்பாட்ஸில் அந்தப் பொத்தான் கிடையாது. கொடுக்கக் கூடாது என்பது ஆப்பிளின் முடிவு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவருக்கு 'இன்றைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை' என்று சொல்லும் உரிமைகூட இல்லை என்பது அதிகப்படி. ஒன்று மட்டும் செய்யலாம்: முக்கியமான நாளுக்கு முந்தைய ராத்திரி, பெட்டியை ஃபோனுக்கும் மேக்குக்கும் எட்டாத தூரத்தில், வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். அப்டேட் நடக்க ஐபோன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், தூரமே நம் பொத்தான்.

தனி ஆப் வழியாக மட்டும் அப்டேட் ஆகும் மற்ற பிராண்டுகளில் இன்னும் சுலபம். ஆப்பை நீக்கிவிட்டால் ஃபர்ம்வேர் வரும் பாதையே இல்லை. நீக்க மனமில்லை என்றால் நியர்பை அனுமதியைப் பறித்துவிடுங்கள். பாட்டு கேட்பதற்கு ஆப் தேவையில்லை, ஈக்வலைசர்கூடப் பல மாடல்களில் ஹெட்ஃபோனுக்குள்ளேயே தங்கிவிடும்.

சரி, இப்படியே ஒருநாளும் அப்டேட் செய்யாமல் இருந்துவிடலாமா? அங்கேதான் நான் கட்சி மாறுகிறேன். 2024 ஜூனில் ஏர்பாட்ஸுக்கு வந்த ஒரு ஃபர்ம்வேர், வேறு யாராவது நம் ஃபோன் மாதிரி நடித்து இயர்பட்ஸோடு இணைந்துகொள்ளும் ஓட்டையை அடைத்தது. 2025 ஜூனில் ஈஆர்என்டபிள்யூ என்ற ஜெர்மன் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தைவானின் ஐரோஹா சிப்புகள் இருக்கும் ஹெட்ஃபோன்களில் ஓட்டைகளைக் காட்டினார்கள். சோனி, போஸ், ஜேபிஎல், ஜாப்ரா, மார்ஷல் மாடல்கள் சில அந்தப் பட்டியலில் இருந்தன. இணைக்கவே தேவையில்லை, புளூடூத் எட்டும் தூரத்தில் நின்றாலே சிப்பின் நினைவகத்தைப் படிக்கலாம், எழுதலாம் என்பதுதான் அதன் சாரம். 2026 ஜனவரியில் பெல்ஜியத்தின் கேயூ லூவன் பல்கலைக்கழகத்தில் இருந்து இன்னொன்று: ஒரே தட்டில் ஃபோனோடு இணைக்கும் கூகுளின் ஃபாஸ்ட் பேர் வசதியைப் பல நிறுவனங்கள் சரியாக அமைக்கவில்லை, அதனால் அந்நியர் ஒருவர் நம் இயர்பட்ஸோடு இணைந்துவிட முடியும். ஃபோனில் எதை அணைத்தாலும் இந்த ஓட்டைகள் போகாது, ஓட்டை ஹெட்ஃபோனுக்குள் இருக்கிறது. அடைக்க ஃபர்ம்வேர்தான் வழி.

ஆகவே நான் செய்வது இது. தானியங்கி அப்டேட்டை முடிகிற இடத்தில் அணைத்து வைப்பேன். மாதம் ஒருமுறை, அடுத்த நாள் வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆப்பைத் திறந்து பார்ப்பேன். குறிப்பில் பாதுகாப்பு என்று இருந்தால் அன்றைக்கே. புது வசதி, 'செயல்திறன் மேம்பாடு' என்று மொட்டையாக இருந்தால் இரண்டு வாரம் பொறுப்பேன், 2சி54 மாதிரி ஏதாவது என்றால் அதற்குள் தெரிந்துவிடும். 'பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று மட்டும் எழுதும் நிறுவனங்களை என்ன செய்வது? எதைச் சரிசெய்தார்கள் என்று சொல்லாமல் எப்படி முடிவெடுப்பது? அந்த மாதிரி மாடலுக்கு நான் அரை மனதோடுதான் அப்டேட் போடுகிறேன். ஓட்டை அடைப்பையும் அதே வரிக்குள் ஒளித்து அனுப்புகிற வழக்கம் இருப்பதால்.

## "பழைய பதிப்புக்கே திரும்ப வேண்டும்"

பெரும்பாலும் முடியாது. அடைத்த ஓட்டையைப் பழைய பதிப்பைக் கொண்டு யாரும் மறுபடி திறந்துவிடக் கூடாது என்பதற்காகவே, பழைய எண்ணை ஏற்காதபடி சிப்பிலேயே பூட்டு வைக்கிறார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. சத்தம் பிடிக்காதவருக்கும் அதே பூட்டுதான் என்பதில் இல்லை.

'பழைய ஃபர்ம்வேர் இங்கே கிடைக்கும்' என்று எங்கோ கிடக்கும் கோப்புகளையும், மாற்றியமைத்த ஆப்புகளையும் நம்பி இறங்காதீர்கள். கையெழுத்துச் சரிபார்ப்பு பலவீனமான மலிவு மாடலில் அது ஏறியும்விடும், அப்புறம் வாரண்டி இல்லை, சில நேரம் ஹெட்ஃபோனும் இல்லை.

நடக்கக்கூடியது இரண்டு. அடுத்த பதிப்புக்குக் காத்திருப்பது ஒன்று. வாரண்டிக்குள் இருந்தால் எழுத்தில் புகார் கொடுப்பது மற்றொன்று. புகாரில் 'சத்தம் சரியில்லை' என்று மட்டும் எழுதினால், ரீசெட் செய்து பாருங்கள் என்று பதில் வரும், இன்னொரு வாரம் போகும். அதனால் முதல் மின்னஞ்சலிலேயே மாடல், வரிசை எண், அப்டேட்டுக்கு முந்தைய எண், இப்போதைய எண், மாறிய தேதி, ஃபோன் மாடல், அதன் ஓஎஸ் பதிப்பு, ரீசெட் செய்த தேதி, இன்னொரு ஃபோனில் சோதித்ததன் விளைவு, எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். பில்லின் படத்தையும் சேருங்கள். கேட்பதற்கு அவர்களிடம் ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. என் பழைய ஹெட்ஃபோன் ஒன்றுக்கு இப்படி எழுதியபோது, டேப்பில் இருந்த பென்சில் எழுத்தையும் ஃபோனில் படமெடுத்து அனுப்பினேன். பத்து நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முதலில் கேட்பது பில்லும், நீங்கள் நிறுவனத்துக்கு எழுதிய தேதியும்தான்.